பொருள்: வண்டி வராத சாலையும் விசா நீட்டிப்பும்

சிட்லபாக்கம், சென்னை.
செப்டம்பர் 2005

அனுப்புநர்: கி. ஏகநாதன், மின்வாரியக் கணக்கீட்டாளர் (ஓய்வு).
பெறுநர்: திருமதி சந்திரிகா ஏகநாதன், முகாம்: மகள் வீடு, ஆஸ்திரியா.

பொருள்: உன் விசாவை நீட்டிப்பது – என் சம்மதம் – தொடர்பாக.
பார்வை: உன் கடிதம், அதோடு வந்த போட்டோ ஒன்று, சைக்கிள் பாதை வரைபடம் ஒன்று.

அன்புள்ள சந்திரிகா,

நலம். நீ, வான்மதி, மாப்பிள்ளை, புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பேத்தி ஆகிய நால்வரும் அந்தக் குளிரில் காதுவரை போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருக்க, பூஜை அலமாரியில் உள்ள எல்லாச் சாமிகளுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு இதை எழுதத் தொடங்குகிறேன். ஆயுசு முழுக்க ஆபீசுக்கு எழுதிப் பழகிய கை, அதனால் பொருள், பார்வை எல்லாம் தானாக மேலே வந்து உட்கார்ந்துகொண்டன. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி. போனில் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பாய். போனில் நீ சாப்பிட்டீர்களா என்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், பின்னால் குழந்தை அழுகிறது, ஐ.எஸ்.டி. பூத் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன, மீட்டரைக் கண்டதும் எனக்குத் தொழில் புத்தி வந்து அதையே படித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். பேச வந்தது போய்விடுகிறது.

நீ கேட்டிருப்பதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன். பிரசவம் பார்க்க என்று போனாய். விசா முடியப் போகிறது. மாப்பிள்ளை அங்கே ஏதோ ஆபீசில் எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒரு வருடம் இருக்கலாமாம். "நீங்க சரின்னா இருக்கேன், வேணாம்னா வந்துடறேன், ஆனா உங்க வாயால சொல்லணும்" என்று எழுதியிருக்கிறாய். இருக்க நினைப்பதற்குக் காரணம் குழந்தை இல்லை, அந்தப் பாதைதான் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு. ஆற்றோரமாகவே ஒரு பாதை. இரண்டு பக்கமும் மலை. பாதையில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும்தான் இடம், கார் கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் என்ற சத்தமே கிடையாது. துணிமணியைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகளில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, புருஷன் பெண்சாதியாக, கிழவன் கிழவியாக, ஊர் விட்டு ஊர் நாள்கணக்கில் போகிறார்கள், ராத்திரி எங்காவது தங்கிவிட்டு மறுநாள் மறுபடி ஆற்றோடு போகிறார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய், இங்கே நான் ராத்திரியில் தூங்குகிறேன் என்று.

அந்த வரியைத்தான் திருப்பித் திருப்பிப் படித்தேன். தினகரன் போனதிலிருந்து நீ தூங்கி நான் பார்த்ததில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தத் தண்ணீர் லாரி நம் பிள்ளையின் பைக்கை இடித்துத் தள்ளிய காலையிலிருந்து, நம் தெருவில் எவனாவது வண்டியை ரிவர்ஸ் எடுத்தாலும் நீ எழுந்து உட்கார்ந்துகொள்வாய். கறிகாய் வாங்கக்கூட ரோட்டைத் தாண்ட மாட்டாய். வான்மதிக்கு நாள் நெருங்கியது என்று விமானம் ஏறினாயே, மீனம்பாக்கம் போகிற வழியெல்லாம் டாக்சியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தாய். அப்படிப்பட்டவள் போட்டோவில் தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு, சுடிதாரில், சிவப்புச் சைக்கிள் மேல் உட்கார்ந்து சிரிக்கிறாய். உனக்குச் சைக்கிள் ஓட்ட வரும் என்பதே எனக்குத் தெரியாது. மதுராந்தகத்தில் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஓட்டியது என்று இப்போது எழுதுகிறாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

வெறும் கையோடு வா வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு, பச்சைக் கோடு ஆற்றோடு வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டே தோசை தின்றேன், தோசை தீய்ந்திருந்தது. ஆறும் மலையும் அவர்களுக்கு மட்டுமா எழுதிவைத்திருக்கிறது, நமக்கு அடையாறு இல்லையா, திருநீர்மலை இல்லையா, வண்டி வராத வழி ஒன்றை இங்கேயே கண்டுபிடித்து வைத்துவிட்டால் நீ வந்து அதில் போய்வரலாம், தூங்கலாம், விசாவே வேண்டாம் என்று தோன்றியது. மறுநாளே மைதீன் பிச்சை பாயின் வாடகைச் சைக்கிள் கடைக்குப் போனேன். ஓட்டிப் பல வருடம் ஆயிற்றே சார், என்னத்துக்கு உங்களுக்கு இந்த வேலை என்றார் பாய். சொன்னேன். அவருக்குத் தினகரனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், சீட்டைத் தன் கையாலேயே இறக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டேன். மெதுவாகப் போனால் பிடிக்கும் என்றார்.

முதலில் நம் ஏரியைச் சுற்றலாம் என்று கிளம்பினேன். தெருத்தெருவாக மீட்டர் படித்தவன் நான், எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும். நான் யார் என்று அந்தச் சந்துகளின் நாய்களுக்கும் தெரியும். நான் ஓய்வு பெற்றபின் பழைய நாய்களெல்லாம் செத்துப்போயிருக்க வேண்டும், ஆனால் குட்டிகளிடம் சொல்லிவிட்டுத்தான் செத்திருக்கின்றன. கையில் மீட்டர் அட்டை இல்லை, காக்கிப் பை இல்லை, ஆனாலும் துரத்தின. இரண்டு காலையும் ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை ஏறினால், அப்பாடா, ஆளும் இல்லை, வண்டியும் இல்லை, தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று. இதுதான், இதையே எழுதிப் போட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் எதிரே ஹாரன். ஏரிக்கரை மேல் ஷேர் ஆட்டோ. உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல முடியாது, வெளியேயும் இரண்டு பேர் தொங்கினார்கள். ஒதுங்க இடமில்லாமல் நான் சைக்கிளோடு ஆகாயத்தாமரைக்குள் இறங்கினேன். டிரைவர் இறங்கிவந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான், நல்ல பையன். இந்த வழியில் ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "இப்டி வந்தா டிராபிக்கே இல்ல சார்" என்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு வண்டி அதே காரணத்துக்காக வந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது, டிராபிக் இல்லாத வழி என்று ஒன்று நம் ஊரில் இருந்தால் அது எப்படியோ டிராபிக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

சரி, ஏரி போகட்டும், ஆற்றுக்குப் போவோம் என்று அடுத்த வாரம் குரோம்பேட்டையில் கூட்டத்தோடு கூட்டமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, பம்மல் வழியாகத் தோல் ஷெட்டுகளின் நாற்றத்தில் மூக்கைப் பிடிக்க ஒரு கை, ஹேண்டிலைப் பிடிக்க ஒரு கை என்று போய், கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, அடையாற்றங்கரையில் போய் இறங்கினேன். தண்ணீர் கறுப்பாகக் கொஞ்சம்தான் கிடந்தது. ஆனால் சந்திரிகா, கரையோரமாக ஒரு மண்பாதை. மாடு நடந்த பாதைதான். அதில் ஏறி மிதித்தால், வலது பக்கம் ஆறு, தூரத்தில் திருநீர்மலை, மேலே கோயில், கொக்கு நான்கைந்து, வேறு எதுவும் இல்லை. என் மூச்சுச் சத்தமும் பாயின் செயின் சத்தமும் மட்டும் கேட்டன. உன் வரைபடத்துக்குள்ளேயே புகுந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். உன்னை முன்னால் விட்டு நான் பின்னால் வருவதாகக்கூட நினைத்துப் பார்த்தேன்.

ஒரு வளைவு திரும்பினால் ஷாமியானா. கலர் கலராகக் கொடி, தரையில் வெள்ளையும் சிவப்பும் அடித்த கற்கள், நாற்காலி வரிசை, டை கட்டிய ஒரு பையன் ஓடிவந்து சைக்கிளைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு என்னை உட்காரவைத்து, கையில் கேசரியும் போண்டாவும் இருந்த தட்டைக் கொடுத்துவிட்டான். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தால் வாய்க்குள் போண்டா இருந்தது. அவனும் ஒரு வரைபடம் விரித்தான். அதிலும் பச்சை, அதிலும் ஆறு, அதிலும் மலை, நீ அனுப்பியதைவிட அழகாக இருந்தது. ரிவர் வியூ, ஹில் வியூ இரண்டும் வருகிற மனை இந்த வரிசையில்தான் என்று நான் வந்த மாட்டுப் பாதையைத் தொட்டுக் காட்டி, இங்கே அறுபதடி ரோடு வரப்போகிறது, பஸ், லாரி எல்லாம் வாசலிலேயே போகும் என்றான். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ரோடு போடாமல் அப்படியே விட்டுவிட முடியாதா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பாவமாகத்தான் பார்த்தான். "ரோடு இல்லாத எடத்த யாரு சார் வாங்குவாங்க" என்றான். திரும்பி வரும்போது அந்தப் பாதையில் ஓட்ட மனம் வராமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து பந்த் வந்தது. ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சினைக்காக முழு அடைப்பு, பஸ் ஓடாது, லாரி ஓடாது, கடை திறக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. ஊரே பால் பாக்கெட்டுக்கு முதல் நாளே வரிசையில் நின்றபோது எனக்கு மட்டும் உற்சாகம் தாங்கவில்லை. வண்டி வராத சாலையைத் தேடி நான் ஊரெல்லாம் அலைய, கட்சிக்காரர்கள் ஒரு அறிக்கையில் ஜி.எஸ்.டி. ரோட்டையே அப்படி ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ நம்ப மாட்டாய், ஜி.எஸ்.டி. ரோடு வெறுமையாகக் கிடந்தது. குரோம்பேட்டை அருகே பையன்கள் நடுரோட்டில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள், பந்து மீடியனைத் தாண்டினால் சிக்ஸராம். நாய்கள் குறுக்கே படுத்து உருண்டன, ஒன்றுகூட என்னைத் துரத்தவில்லை, அவற்றுக்கும் அன்று விடுமுறை. இத்தனை வருடத்தில் அந்த ரோடு இவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சும்மா பல்லாவரம்வரை போய்த் திரும்பலாம் என்றுதான் கிளம்பினேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை, சத்தியமாக.

ஆனால் அந்த இடம் வழியில்தானே இருக்கிறது. காரியம் முடிந்த வாரம் நீ அந்த இடத்தை ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டாய், நாம் ஆட்டோவில் போனோம். ஓரம் கட்டுவதற்குள் பின்னால் பஸ் ஹாரன், அதற்குப் பின்னால் லாரி, இங்கே நிற்க முடியாது அம்மா என்று ஆட்டோக்காரர் எடுத்துவிட்டார். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் இடம் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. மீடியன் சுவரில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கும், அதற்கு நேராக என்று அன்று கான்ஸ்டபிள் எனக்குச் சொன்ன அடையாளம் அப்படியே இருக்கிறது. நான் இறங்கி, ரோட்டின் நடுவிலேயே சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். எந்த வண்டியும் வரவில்லை. புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள், அவன் கிடந்த தார் அதற்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு முன்னால் அழக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது, அதைத் தவிரப் பார்க்க யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் கோஷம் கேட்டது. பம்மல் பக்கமிருந்து கட்சிக்காரர்கள் கொடியோடு சாலை மறியல் செய்ய வந்திருக்கிறார்கள். மறிப்பதற்கு ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை, ஆனால் தலைமையிலிருந்து மறியல் என்று சொல்லிவிட்டார்களாம், மறித்தாக வேண்டும். எங்கே உட்காருவது என்று பார்த்தவர்கள், நடுரோட்டில் ஏற்கெனவே ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, இவர் நம்மைவிடத் தீவிரமான ஆள் போலிருக்கிறது என்று என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் தோளில் ஒரு துண்டு விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் அந்தோணிசாமி, தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர், என் வயதுதான் இருக்கும். "இன்னா சார், எங்களுக்கு முன்னாடியே வந்து குந்திகினு கீறீங்க, எந்தக் கிளை?" என்று கேட்டார். நான் அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர்கள் செயலாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களைத் திட்ட ஆரம்பித்தார், இந்தப் பெரியவர் ஆற்றுத் தண்ணீருக்காகக் கண்ணீர் விடுகிறார், உங்களுக்குப் பீடி கேட்கிறதா என்று. அதற்குள் போலீஸ் வேன் வந்துவிட்டது. எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி முண்டியடித்து ஏறினார்கள். எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார்கள். பாயின் சைக்கிளை வேனுக்கு மேலே கட்டினார்கள். அந்த வகையில் நான் அரசாங்கத்தால் கைது செய்யப்பட்டேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பயப்படாதே, ஜெயில் இல்லை. மறியல் செய்தவர்களைக் கொண்டுபோய்ச் சாயங்காலம்வரை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். எந்த மண்டபம் தெரியுமா, வான்மதி கல்யாணத்துக்கு வாடகை கேட்டுவிட்டு நாம் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினோமே, அதே மண்டபம். இந்தத் தடவை வாடகை இல்லை. வாசலில் மேசை போட்டு ஏட்டு ஒருவர் பெயர், வயது எழுதிக்கொண்டார். கட்சி என்ன என்று கேட்டார். மின்வாரியம் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதையே எழுதிக்கொண்டார். மத்தியானம் எலுமிச்சை சாதம் பொட்டலம் வந்தது, ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ போனபின் ஆட்களோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். இன்னொரு பொட்டலம் வேண்டுமா என்று கேட்டார்கள், வாங்கிக்கொண்டேன். சாப்பிட்ட பிறகுதான் அந்தோணிசாமி மறுபடி கேட்டார், கட்சியும் இல்லை என்கிறீர்கள், பின்னே எதுக்கு சார் அங்கே உட்கார்ந்தீர்கள் என்று. சொன்னேன். என் பையன் அங்கேதான் விழுந்தான் என்று, அவ்வளவுதான் சொன்னேன். அவர் கையில் இருந்த வெற்றிலையை மடித்தபடியே வைத்துக்கொண்டிருந்தார், போடவில்லை.

அவர் வாயிலிருந்து அடுத்தவருக்குப் போய், செயலாளர்வரை போய்விட்டது. அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் செயலாளர். அந்த இடத்தில் வேகத்தடை வேண்டும் என்று அன்றைய கோரிக்கையோடு உடனே சேர்த்துவிட்டார். எல்லோரும் எழுந்து மணமேடைக்கு முன்னால் நின்று தினகரனுக்கு நீதி வேண்டும் என்று கோஷம் போட ஆரம்பித்தார்கள். மேடையில் முந்தின முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள் இன்னும் பிரிக்காமல் இருந்தன, யாரோ ஒரு பையன் பெயரும் யாரோ ஒரு பெண் பெயரும். நம் பிள்ளை பெயரை இப்படி ஒரு மண்டபத்தில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். எழுதவில்லை. ஆனால் அந்த மண்டபம் முழுக்க அவன் பெயரைத்தான் கத்தினார்கள், முகம் தெரியாதவர்கள், நரம்பு புடைக்க. எனக்குத் தாங்கவில்லை. வேண்டாம் அய்யா, போதும் என்று கை எடுத்துக் கும்பிட்டேன். உடனே நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் விட்டார்கள். வெளியே வந்தால் ரோடு பழையபடி ஆகிவிட்டது. நாள் முழுக்க அடைத்து வைத்திருந்த பஸ்ஸும் லாரியும் சேர்த்துவைத்து ஓடின. என்னால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். அந்தோணிசாமி துண்டை உதறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். காலையில் மறிக்க வண்டி கிடைக்காத மனுஷர், சாயங்காலம் தனியாளாக ஜி.எஸ்.டி. ரோட்டை மறித்தார். எதிரே நின்ற போலீஸ்காரர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தாண்டினேன். பாயிடம் சைக்கிளை ஒப்படைத்தபோது, எப்படி வளைந்தது என்று கேட்டார், வேன் மேலே ஏறியது என்றேன், அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆகவே சந்திரிகா, தேடிப் பார்த்த வரையில் ஏரிக்கரையில் ஷேர் ஆட்டோ, ஆற்றங்கரையில் அறுபதடி ரோடு, வண்டி வராத சாலை என்று நம் ஊரில் ஒன்று கிடையாது. அதைக் காட்டி உன்னை அழைக்க எனக்கு யோக்கியதை இல்லை. நீ தூங்குகிறாய், அதுதான் முக்கியம். நீ கேட்டபடி என் வாயாலேயே, என் கையாலேயே எழுதுகிறேன்: சரி. மாப்பிள்ளையை எழுதிக் கொடுக்கச் சொல். ஒரு வருடம் இரு, வேண்டுமானால் அதற்கு மேலும் இரு. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போது சமையல் பிடிபட்டுவிட்டது, ரசம் ரசமாகவே வருகிறது. டி.வி. இருக்கிறது, பாய் கடை இருக்கிறது, பொழுது போகிறது. இனி சைக்கிள் பக்கம் போக மாட்டேன், பந்த் என்றால் வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன். அந்தப் பாதையில் மாப்பிள்ளையோடு ஊர் ஊராகப் போகலாம் என்று எழுதியிருந்தாயே, தயங்காமல் போய் வா. தொப்பியை மட்டும் கழற்றாதே.

வான்மதிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்தியின் காதில் தாத்தா என்று ஒரு தடவை சொல்லி வை, பிறகு நான் வந்து சொன்னால் பயப்படாமல் இருக்கும். எல்லோரும் நீடூழி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிந்துள்ள,
கி. ஏகநாதன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டி, தபால்பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்து பிரித்திருக்கிறேன். ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். ரோட்டைத் தாண்டிவிட்ட பிறகு அந்தோணிசாமி என் கையை விடாமல், அம்மா எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள், அந்த இடத்தை அவள் இதுவரை நின்று பார்த்ததே இல்லை என்றேன். "அடுத்த தபா அவங்களையும் இட்டுகினு வாங்க சார். நீங்க ரெண்டு பேரும் குந்துங்க, நாங்க சுத்தி நின்னுக்கிறோம்" என்றார். அடுத்த மாதக் கடைசியில் இன்னொரு பந்த் என்று இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறது. உன் விசா அதற்கு முன்னால் முடிகிறது. மாப்பிள்ளையை எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல். நீ வந்துவிடு. பந்த் முடிந்ததும் திரும்பப் போக வேண்டுமென்றால் போ, நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன். ரசம் பற்றி எழுதியது பொய். அன்றைக்கு அங்கே உட்கார்ந்து அழத்தான் அழுதேனே தவிர, அவனிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை. அவன் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே, அப்பாவிடம் சொல்லிவிடு என்று அவன் உன்னிடம் சொல்வான், அவனிடம் கேள் என்று நான் உன்னிடம் சொல்வேன். நீ நடுவில் இல்லாமல் எங்கள் இரண்டு பேருக்கும் பேசத் தெரியாது, சந்திரிகா.